தன் பெண்களுக்காக மேடையேறிய ஹெலன் ஹோகின்சன்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வீட்டிலும் அலுவலகத்திலும் பெண்கள் வாழும் வாழ்க்கையை வைத்துக் கேலிச்சித்திரங்கள் வரைகிறீர்கள். அவற்றைத் திரையில் காட்டிப் பேசும்படி ஒரு கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் படங்களில் தொடர்ந்து வரும் அந்த நடுத்தர வயது அம்மாவைப் பார்த்துச் சிலர் சிரிக்கிற விதம் உங்களுக்கு உறுத்தலாக இருக்கிறது. அவளோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, அல்லது அவளே நாலு பேர் சிரிக்கும்படி ஆகிவிட்டாளா என்று தெரியாமல் மேடையேறத் தயங்குகிறீர்கள். இதே தயக்கத்தோடு மேடைக்குப் போன கேலிச்சித்திரக்காரர் யாராவது உண்டா என்பது உங்கள் கேள்வி.

உண்டு. அவர் பெயர் ஹெலன் ஹோகின்சன். அமெரிக்காவின் ‘நியூ யார்க்கர்’ வார இதழில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் பெண்களை வரைந்து அந்நாட்டு வாசகர்களைச் சிரிக்க வைத்தவர். தன் பெண்களைப் பார்த்து ஊர் சிரிக்கிறதோ என்ற கவலை கடைசி ஆண்டுகளில் பற்றிக்கொள்ள, அவர்களுக்காக வாதாடுவதற்கென்றே கூட்டங்களில் பேசத் தொடங்கியவர். கேலிச்சித்திர வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறவள் என்ற முறையில், உங்கள் கேள்விக்கு இவரைவிடப் பொருத்தமான ஒருவரை என்னால் காட்ட முடியாது. ஆகவே அவருடைய கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹோகின்சன் 1893-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் மெண்டோட்டா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பண்ணைக் கருவிகள் விற்றவர். தாய்வழித் தாத்தா ‘தச்சர் பேச்சாளர்’ என்று அழைக்கப்பட்டவர்; பேச்சு அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. பேத்தியோ வாயைவிடக் கையை நம்பியவர். சிகாகோவில் ஓவியம் படித்துவிட்டு 1920-இல் நியூயார்க்குக்கு வந்து, பெரிய துணிக்கடைகளின் விளம்பரங்களுக்காக நவநாகரிக உடைகளை வரைந்து பிழைத்தார். ஒரு பெண் எந்தத் தொப்பியை எந்தக் கோணத்தில் வைத்துக்கொள்வாள், கையுறையை எப்படிக் கழற்றுவாள், நாற்காலியில் உட்காரும்போது கைப்பையை எங்கே வைப்பாள் என்பதெல்லாம் அவருடைய விரலுக்குள் இறங்கியது இந்த வேலையில்தான் என்று நான் நினைக்கிறேன். நியூ யார்க்கர் 1925 பிப்ரவரியில் தொடங்கியது. அதே ஆண்டிலேயே ஹோகின்சனின் படம் அதில் வெளிவந்துவிட்டது. கப்பல் துறையில் ஒரு பெண் நுனிக்காலில் எக்கி நின்று, புறப்பட்டுப் போகும் கப்பலுக்குக் கையசைக்கிறாள். நாம் அவளைப் பின்புறமிருந்துதான் பார்க்கிறோம். முகமே காட்டாமல் ஒரு முழு மனுஷியைத் தாளில் நிறுத்திய படம் அது.

அதற்குப் பிறகு 1949 வரை ஏறத்தாழ 1,800 படங்களையும் 68 அட்டைப்படங்களையும் அந்த ஓர் இதழுக்கே அவர் வரைந்தார். அவற்றில் பெரும்பாலானவற்றில் வருபவள் ஒரே வகைப் பெண்: ஐம்பதை நெருங்கும் வயது, வசதியான குடும்பம், பூசினாற்போன்ற உடம்பு, அந்த உடம்பைத் தாங்க முடியுமா என்று நினைக்க வைக்கும் சின்னஞ்சிறு பாதங்கள், தலையில் ஒரு சிறிய தொப்பி, முகத்தில் குழந்தைத்தனமான அக்கறை. அவள் மலர்க் கண்காட்சிக்குப் போவாள், புத்தகக் கடையில் தயங்கி நிற்பாள், அழகு நிலையத்தில் உட்கார்ந்திருப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுவாள். இந்தப் பெண்களுக்கு ‘ஹோகின்சன் பெண்கள்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்தச் சங்கப் படங்களில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். சங்கத்தின் கூட்டம் நடக்கிறது. பொருளாளர் எழுந்து நின்று, இந்த மாதம் நிதியில் துண்டு விழுந்துவிட்டதால் பொருளாளர் அறிக்கை இருக்காது என்று தலைவியிடம் தெரிவிக்கிறார். படமும் அதன் அடியில் உள்ள அந்த ஒற்றை வரியும்தான் மொத்தக் கேலிச்சித்திரமும். அமெரிக்காவில் பல காலம் எடுத்துக்காட்டப்பட்டு வந்த வரி அது. அதைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் எதற்காகச் சிரிக்கிறோம் என்பதில்தான் உங்கள் கேள்வியும் ஹோகின்சனின் கவலையும் இருக்கின்றன.

இதன் கனம் தெரிய வேண்டுமானால், அந்த மாதர் சங்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிய வேண்டும். அமெரிக்காவில் பெண் ஒருத்தி ஆண்களும் இருக்கும் சபையில் எழுந்து பேசுவதே ஒரு காலத்தில் ஒழுக்கக்கேடாகக் கருதப்பட்டது. அடிமை முறையை எதிர்த்துப் பேசிய கிரிம்கே சகோதரிகளைக் கண்டித்து 1837-இல் மாசசூசெட்ஸ் பாதிரிமார்கள் சுற்றறிக்கையே விட்டார்கள். 1868-இல் எழுத்தாளர் சார்லஸ் டிக்கென்ஸுக்கு நியூயார்க் பத்திரிகையாளர் சங்கம் விருந்து அளித்தபோது, பத்திரிகையாளரான ஜேன் கன்னிங்ஹாம் க்ரோலி உட்படப் பெண்களுக்கு அதில் இடம் மறுக்கப்பட்டது. க்ரோலி அதே ஆண்டில் ‘சொரோசிஸ்’ என்ற பெண்கள் சங்கத்தை நிறுவினார். அதைத் தொடர்ந்து நாடெங்கும் சங்கங்கள் முளைத்து, 1890-இல் ஒரு பொதுக் கூட்டமைப்பாகவும் இணைந்தன. தலைவி, செயலாளர், பொருளாளர், முன்மொழிதல், வழிமொழிதல், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தல் என்ற சபை நடைமுறைகளையெல்லாம் வாக்குரிமை கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெண்கள் இங்கே பழகினார்கள். தேசிய அளவில் வாக்குரிமை வந்தது 1920-இல்தான். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று தன் வாயால் ஒரு கணக்கைச் சொல்வது என்பது அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு எளிதாகக் கிடைத்த ஒன்றல்ல.

அப்படிப்பட்ட பெண் மேடையில் உளறுவதாக வரைந்தால், பேச வந்த பெண்ணையே அது கேலி செய்கிறது என்று ஒருவர் சொல்லலாம். பேசத் தகுதியில்லாதவர்கள் என்று முன்பே முடிவு கட்டியிருந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து, ‘பார்த்தாயா, நான் சொன்னேனே’ என்று சிரிக்கவும் செய்யலாம். அதே படத்தை அதே போன்ற ஒரு சங்கத்தின் பொருளாளர் தன் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கவும் கூடும். படம் ஒன்றுதான், வரி ஒன்றுதான், சிரிப்புதான் இரண்டு. நியூ யார்க்கர் அலுவலகத்தில் படத்தைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஓவியரின் காதுக்கு இரண்டில் எதுவுமே எட்டாது. அச்சில் வரைபவர்களின் தொழில் அப்படிப்பட்டது. நாடக நடிகருக்குச் சபையின் சிரிப்பு அந்த நிமிடமே கிடைத்துவிடும். இவர்களுக்கோ எப்போதாவது வரும் வாசகர் கடிதம்தான்.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1931 முதல் ஹோகின்சன் இறக்கும் வரை அவருடைய படங்களின் சூழலையும் அடிவரியையும் பெரும்பாலும் அமைத்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் ரீட் பார்க்கர் என்ற ஆண் எழுத்தாளர். ‘பெண் வரைந்தாள், ஆண் எழுதினான், அதனால்தான் பெண்கள் அசடுகளாகத் தெரிகிறார்கள்’ என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படத்தில் அந்தப் பொருளாளர் நிற்கும் நிலையில் வஞ்சமோ சோம்பலோ இல்லை. செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்ற பதைப்புதான் இருக்கிறது. அந்தப் பதைப்பை எழுதிக் கொடுத்து வாங்க முடியாது; கையால் வரைய வேண்டும். நாடக விமர்சகர் ஜான் மேசன் பிரவுன், ஹோகின்சன் மனிதரின் குறைகளை வெறுப்பில்லாமல் அன்போடு அணுகியவர், காயப்படுத்தாமல் கேலி செய்யத் தெரிந்தவர் என்று பின்னாளில் எழுதினார். அது சரியான கணிப்பு. இருந்தாலும், ஒரு பெண்ணின் வாயில் வரும் சொல்லை வேறொருவர் எழுதிக் கொடுக்கும்போது, அந்தச் சொல்லுக்காக மேடையில் பதில் சொல்லப் போகிறவர் யார் என்ற கேள்வி எழாமல் போகாது. அந்தப் பொறுப்பை ஹோகின்சன் தானே எடுத்துக்கொண்டார்.

1940-களின் பிற்பகுதியில் அவர் மிகவும் புகழ்பெற்ற ஓவியர். விளம்பரங்களில்கூட அவருடைய பெண்கள் வந்தார்கள். அந்தப் புகழோடு சேர்ந்துதான் கவலையும் வந்தது. வாசகர்கள் தன் பெண்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை, அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவர் வருந்தத் தொடங்கினார். வருத்தத்தை இரண்டு விதமாகத் தீர்த்துக்கொள்ளலாம்: அந்தப் பெண்களை வரைவதை நிறுத்திவிடலாம், அல்லது அவர்களை அறிவாளிகளாக மாற்றிப் படத்தைச் சப்பென்று ஆக்கிவிடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. வரைவதைத் தொடர்ந்துகொண்டே, தன் பெண்களுக்கு ஆதரவாகப் பேசுவதற்கு ஒரு பேச்சுப் பயணத்தை மேற்கொண்டார். தன் பாத்திரங்களுக்காக வாதாட ஒரு கேலிச்சித்திரக்காரர் ஊர் ஊராகப் போனது அந்தத் துறையில் அபூர்வமான செயல். அவருக்கு முன்னும் கேலிச்சித்திரக்காரர்கள் மேடையேறியிருக்கிறார்கள். வின்சர் மெக்கே 1906 முதல் கேளிக்கை அரங்குகளில் கரும்பலகையில் சாக்கட்டியால் விறுவிறுவென்று முகங்களை வரைந்து, அந்த முகங்கள் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமைக்குப் போவதைக் கூட்டத்தின் கண்முன் காட்டினார். அது கைத்திறனைக் காட்டும் வித்தை. ஹோகின்சன் மேடைக்குப் போனது அதற்காக அல்ல. ‘இவர்கள் நல்லவர்கள், இவர்களை எனக்குப் பிடிக்கும்’ என்ற செய்தியைத் தன் வாயால் சொல்லத்தான்.

1949 நவம்பர் 1 அன்று, தலைநகர் வாஷிங்டனில் ஓர் அறக்கொடை நிதித் திரட்டலின் தொடக்கக் கூட்டத்தில் பேசுவதற்காக அவர் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். வாஷிங்டன் விமான நிலையத்தில் தரையிறங்கும் நேரத்தில் ஒரு பி-38 போர் விமானம் அதன் மேல் மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். அதுவரை அமெரிக்கா கண்ட விமான விபத்துகளிலேயே மிக அதிக உயிர்களைக் கொண்டுபோனது அது. ஹோகின்சனுக்கு அப்போது 56 வயது. அவர் அன்று பேசியிருக்க வேண்டிய சபை, பொதுப்பணிக்காக நிதி திரட்டுவோர் கூடும் சபை. அவர் படங்களில் இருந்து எழுந்து வந்தவர்களைப் போன்ற பெண்கள் நிறைந்திருக்கும் இடம். இந்தக் கட்டத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவருக்குப் பின் நியூ யார்க்கரில் பெண் கேலிச்சித்திரக்காரர்களின் வரிசை மெல்ல மெல்ல மெலிந்தது. தொடக்க ஆண்டுகளில் பார்பரா ஷெர்மண்ட், ஆலிஸ் ஹார்வி, மேரி பெட்டி என்று பலர் இருந்த இடத்தில், 1950-களிலும் 60-களிலும் புதிய பெண் பெயர்கள் அரிதாயின. 1974-இல் நூரித் கார்லின் வந்தார். 1978-இல் ராஸ் சாஸ்ட். அதற்கு அடுத்த ஆண்டு, 1979-இல், இருபத்து நான்கு வயது லீசா டோனெலி தன் முதல் படத்தை அந்த இதழுக்கு விற்றார். உங்கள் கேள்விக்கான இரண்டாம் பாதிப் பதில் இவரிடம் இருக்கிறது.

டோனெலி 1955-இல் வாஷிங்டனில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது உடல்நலமில்லாமல் படுத்திருந்த நாளில், அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளரும் கேலிச்சித்திரக்காரருமான ஜேம்ஸ் தர்பரின் கேலிச்சித்திரப் புத்தகத்தையும் படியெடுக்கும் தாளையும் தாய் கையில் கொடுத்தாராம். அந்தக் கோடுகளைப் படியெடுத்தே வரையக் கற்றார். தன் படத்தைப் பார்த்து அம்மா சிரித்ததே பெரிய பரிசாக இருந்தது. இதில் எனக்கு எப்போதும் வியப்பு ஒன்று உண்டு. தர்பரின் பெண்கள் சாதாரணமானவர்கள் அல்லர். வீட்டுக் கூரைக்கு மேலே முகமாக எழுந்து, வாசலில் ஒடுங்கி நிற்கும் கணவனை முறைப்பவர்கள். 1934-இல் அவர் வரைந்த ஒரு தொடருக்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடக்கும் போர் என்றுதான் பெயர். நம் வார இதழ்களில் பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவிக்கு அவர்கள் தூரத்து உறவு என்று சொல்லலாம். அந்தக் கோட்டிலேயே கைபழகிய ஒரு பெண் குழந்தை, வளர்ந்த பிறகு அதே எளிய கோட்டில் பெண்ணின் பக்கத்திலிருந்து வரைந்தார்.

2005-இல் டோனெலி, நியூ யார்க்கரில் வரைந்த பெண்களின் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். ஹோகின்சன் தலைமுறையை இன்றைய வாசகர்களுக்கு மீட்டுக் கொடுத்ததில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. 2010 டிசம்பரில், சுருக்கமான உரைகளை மேடையில் நடத்தி இணையத்தில் வெளியிடும் டெட் (TED) அமைப்பு பெண்களுக்கென முதல் மாநாட்டை நடத்தியபோது, தன் படங்களைத் திரையில் காட்டி அவர் பேசினார். மாநாடு நடந்த ஊர் வாஷிங்டன். ஹோகின்சன் பேசப் போய்ச் சேராத ஊரில், அவருடைய வரலாற்றை எழுதிய இன்னொரு பெண், பெண்களின் வாழ்க்கையும் நகைச்சுவையும் என்ற அதே பொருளைப் பேசினார். அந்த உரை பத்து நிமிடம்கூட இல்லை; இணையத்தில் கிடைக்கிறது; மேடையேறும் முன் ஒருமுறை கேளுங்கள்.

அவர் தொடங்கிய விதம்தான் முக்கியம். பெண்ணாக இருப்பதே தனக்கு அச்சமாக இருந்தது என்று சொல்லித் தொடங்கினார். தான் வளர்ந்த ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெண் குழந்தை என்றால் மென்மையாக, அழகாக, அடக்கமாக இருக்க வேண்டும் என்ற விதிகள் இருந்தன. ஆனால் அவற்றைப் பின்பற்றி என்னவாக ஆக வேண்டும் என்பதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்து மீளத் தனக்குக் கிடைத்த கருவியே நகைச்சுவை என்றார். பிறகு ஒரு கருத்தை முன்வைத்தார்: நகைச்சுவை ஒரு சமூகத்தின் பழக்கவழக்கங்களை எடுத்துச் சற்றே முறுக்கிக் காட்டுவது, அந்தப் பழக்கவழக்கங்களை வீட்டுக்குள்ளிருந்து காத்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுபவர்கள் பெண்களே, ஆகவே எந்த இடத்தில் முறுக்கினால் வழக்கம் தன் உருவத்தைக் காட்டிவிடும் என்பதும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஹோகின்சன் மேடையில் தன் பெண்களுக்காகப் பேச வேண்டியிருந்தது. டோனெலி மேடையில் தன்னைப் படத்துக்குள் நிறுத்தினார். என் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்த முடிவு இது: பெண்களின் வாழ்க்கையைப் பற்றிய கேலி அச்சில் வெளிவந்ததும் சிரிப்பவரின் சொத்தாகிவிடுகிறது, அதை மறுபடி வரைந்தவரின் கைக்குக் கொண்டுவரும் இடம் மேடை. ஆனால் அங்கே நின்று ‘என் பெண்ணைத் தவறாக நினைக்காதீர்கள்’ என்று கேட்டுக்கொள்வதைவிட, ‘அந்தப் பெண் நிற்கும் இடத்தில்தான் நானும் நிற்கிறேன்’ என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவது வலிமையானது. ஹோகின்சனின் அன்பில் குறையில்லை. சங்கத்துப் பெண்களை வெளியிலிருந்து பார்த்து வரைந்தவராக வாசகர்கள் அவரை நினைத்துக்கொண்டதுதான் சிக்கல்.

தன்னையே படத்துக்குள் நிறுத்தினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கேத்தி கைஸ்வைட் தன் பெயரையே பாத்திரத்துக்கு வைத்து, 1976 முதல் 2010 வரை நாளிதழ்களில் ஒரு தொடரை வரைந்தார். வேலைக்குப் போகும் தனித்து வாழும் பெண், உணவு, உடல் எடை, காதல், அம்மா ஆகியவையே அதன் உலகம். கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது போல் இருக்கிறது என்று அதைக் கொண்டாடிய பெண்கள் பல்லாயிரம் பேர். பெண் என்றால் எடையைப் பற்றி அழுபவள் என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்துகிறது என்று சினந்த பெண்களும் உண்டு. அந்தச் சினத்தையும் அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் தாங்கினார். உங்களுக்கும் அது வரும். வந்தால் உங்கள் படம் தோற்றுவிட்டது என்று பொருளல்ல.

இனி என் அனுபவத்தில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், துண்டு விழுந்த அந்தப் பொருளாளர் படத்தை அடிவரியைத் தமிழில் போட்டு ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் காட்டினேன். முதல் இடம் ஒரு கல்லூரி. மாணவர்கள் உடனே சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ‘லேடீஸ் கணக்கு’ என்று ஒரு குரல் வந்தது. முன்வரிசை மாணவிகளின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நிற்றலை நான் மறக்கவே மாட்டேன். இரண்டாவது இடம், மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி. மாதாமாதம் சேமிப்பும் கடன் தவணையும் வசூலித்துத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பெண்கள் முப்பது பேர் இருந்தார்கள். படம் வந்ததும் அமைதி; வரி வந்ததும் சிரிப்பு வெடித்தது; ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். அப்போது ஓர் அம்மா எழுந்து சொன்னார்: “அந்தம்மா அறிக்கை இல்லன்னு சொல்லிட்டு அறிக்கையைச் சொல்லிட்டாங்களே மேடம். காசு குறையுதுன்னு எல்லார் முன்னாடியும் வாய்விட்டுச் சொல்லியாச்சு. எங்க குழுவுல அந்த ஒரு வார்த்தைய வாங்க ஒரு வருஷம் ஆச்சு.”

அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த வாசிப்பு இல்லை. பொருளாளர் அறியாமையில் உளறுகிறார் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். அவர் உளறவில்லை, அறிக்கை முழுவதையும் ஒரே வரியில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கணக்கு நோட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும் சிரிப்பு அது. மறுமுறை அந்தக் கல்லூரி போன்ற ஓரிடத்தில் படத்தைக் காட்டியபோது, இந்த அம்மா சொன்னதை முதலில் சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டேன். சிரிப்பு வந்தது, பாதியில் யாரும் நிறுத்தவில்லை.

ஆகவே உங்கள் கூட்டத்துக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. உங்கள் அம்மா பாத்திரத்தின் முதல் படத்தைக் காட்டும் முன், அது எந்த நாளில், எந்தச் சமையலறையில் உங்களுக்குத் தோன்றியது என்று சொல்லிவிடுங்கள். படத்தையும் அடிவரியையும் ஒரே நேரத்தில் திரையில் போடாதீர்கள். தாளில் கண் முதலில் படத்தில் அலைந்துவிட்டுத்தான் வரிக்கு இறங்குகிறது. அந்த அலைச்சலுக்கு அரங்கிலும் நேரம் கொடுக்க வேண்டும். படம் மட்டும் வரட்டும். இரண்டு மூச்சு பொறுங்கள். பிறகு வரி வரட்டும். வரி வந்த பிறகு அதை நீங்கள் வாய்விட்டு வாசிக்கக் கூடாது. எல்லாரும் ஒரே வேகத்தில் படிப்பதில்லை. முதலில் படித்தவர் சிரிக்கத் தொடங்கும்போது நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால், அடுத்த வரிசைக்குச் சிரிப்பு பரவாமல் அங்கேயே அணைந்துவிடும். கண்பார்வை குறைந்தவர்கள் அரங்கில் இருந்தால் மட்டும், படத்தில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே விவரித்துவிட்டு வரியை நீங்களே சொல்லலாம்; அதற்குத் தனியாக ஒத்திகை பாருங்கள். எந்தப் படத்துக்கு யார் சிரிக்கிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வரையும் மேசையில் ஒருநாளும் கிடைக்காத செய்தி அது. வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தவறான சிரிப்பு ஒன்று எழுந்தால் கோபப்பட்டு அதை அடக்க முயல வேண்டாம்; சிரித்தவர் அவமானப்படுவார், மற்றவர்கள் உறைந்துவிடுவார்கள், மீதிப் படங்களெல்லாம் வீணாகும். அடுத்த படத்தில் அதே அம்மாவைக் காட்டுங்கள், இம்முறை அவள் பக்கத்திலிருந்து. இதற்காகவே படங்களை இரட்டை இரட்டையாக அடுக்கி எடுத்துப் போவது என் வழக்கம்.

கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “உங்கள் வீட்டில் இதையெல்லாம் பார்த்து என்ன சொல்கிறார்கள்?” ஆண் கேலிச்சித்திரக்காரர் எவரிடமும் இதை இத்தனை ஆர்வத்தோடு கேட்பதை நான் பார்த்ததில்லை. உங்களிடம் கேட்பார்கள். அப்போது டோனெலியின் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அவருடைய கணவர் மைக்கேல் மாஸ்லினும் நியூ யார்க்கரில் வரையும் கேலிச்சித்திரக்காரர்தான். 2009-இல் இருவரும் சேர்ந்து திருமண வாழ்க்கையைப் பற்றி ஒரு கேலிச்சித்திர நூல் வெளியிட்டார்கள். அதில் மாஸ்லின் வரைந்த கணவன்மாரும் மனைவிமாரும் இருக்கிறார்கள். டோனெலி வரைந்தவர்களும் அதே நூலில் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு மேசை, இரண்டு பேனா. உங்கள் வீட்டில் இப்போதைக்கு ஒரு பேனாதான் இருக்கிறது, இன்னொன்றை யார் எடுத்தாலும் தாள் தரத் தயார் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.